சட்டம் போட்டுப் பரப்பிய சொறி

ஓநாய்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1909ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வடக்கு ராக்கி மலைப் பகுதியில், ஓநாய்களையும் கயோட்டி என்னும் காட்டு நாயினத்தையும் ஒழித்துக்கட்டுவதற்காக மாநில வனவிலங்கு மருத்துவர்கள் சொறி நோயை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள் என்பது அதன் சாரம். சில இடங்களில் அதற்கு ஒரு வாலும் உண்டு: இன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களின் முடியை உதிர்த்துக் குளிரில் சாகவிடும் பூச்சிகள், அன்று விடப்பட்ட பூச்சிகளின் வழித்தோன்றல்கள் என்பது.

கேட்டதும் நம்பத் தோன்றும் கதை. மனிதன் செய்த வினை, நூறாண்டு கழித்து அவனே திரும்பக் கொண்டுவந்து வளர்க்கும் விலங்கின் மேல் விடிகிறது. இப்படி அச்சுவார்த்தது போல வரும் கதைகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதனால் இதன் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனேன்.

முதல் உறுத்தல் அந்தப் பதவியில் இருந்தது. 1909இல் எந்த மாநிலத்திலும் வனவிலங்கு மருத்துவர் என்ற உத்தியோகம் கிடையாது. மாநிலக் கால்நடை மருத்துவர் இருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும். காட்டு விலங்கு அவர் கணக்கில் வந்தால் பகையாகத்தான் வரும். பிற்காலத்தில் எழுதிய யாரோ தம் காலத்துப் பதவியைப் பழைய ஆளின் தலையில் சூட்டியிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் அப்படியே பெயர்த்தெழுதியிருக்கிறார்கள். அடுத்தது இடம். அந்த நாளில் யெல்லோஸ்டோன் பூங்கா அமெரிக்க ராணுவத்தின் காவலில் இருந்தது. 1886 முதல் 1918 வரை குதிரைப்படைதான் அங்கே அதிகாரம். பூங்காவின் பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் கிடக்கிறது. வடக்கு ஓரம் மட்டும் மான்டனாவுக்குள் நீள்கிறது. மான்டனாவின் கால்நடை மருத்துவர் பூங்காவுக்குள் புகுந்து எதையும் அவிழ்த்துவிட்டிருக்க முடியாது. சொறி பூங்காவுக்குள் போயிருந்தால் தன் காலால் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகப் பின்னால் நடந்தால் பாதை 1914இல் ஒரு வார இதழில் போய் நிற்கிறது. சிகாகோவிலிருந்து கால்நடை வளர்ப்போருக்காக வெளிவந்த பிரீடர்ஸ் கெஜட். அதன் 66ஆம் தொகுதியில், சொறியை ஏற்றிக் கயோட்டிகளோடு போரிடுவதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. எழுதியவர் எம்.இ. நோல்ஸ், மான்டனாவின் மாநிலக் கால்நடை மருத்துவர். அதாவது, திட்டத்தை நடத்திய கையே எழுதிய சாட்சியம். படிப்பவர்கள் யார்? கயோட்டியால் ஆட்டுக்குட்டியை இழந்தவர்கள். இப்படி ஒரு ஆள் இப்படி ஒரு சபையில் பேசுவதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் வெற்றி என்று அவர் எதைச் சொன்னாலும் அதை அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் பின்னால் வந்த கட்டுரைகள் பலவும் அளக்காமலே எடுத்துக்கொண்டிருக்கின்றன.

நோல்ஸ் தன் விருப்பத்துக்கு இறங்கிய வேலை அல்ல இது. மான்டனாவின் பழைய சட்டத் தொகுப்புகள் இப்போது படியெடுக்கப்பட்டு இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. 1905இல் கூடிய ஒன்பதாவது சட்டமன்றம் நிறைவேற்றியவற்றில், குதிரைக்கும் வாய்க்காலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, ஓநாய்களுக்கும் கயோட்டிகளுக்கும் சொறியை ஏற்றி அவற்றை ஒழிப்பதற்கு என்றே ஒரு சட்டம் இருக்கிறது. பிடிபட்ட விலங்குகளுக்கு நோயை ஏற்றி மறுபடி காட்டில் விடுவது மாநிலக் கால்நடை மருத்துவரின் கடமை. பரிந்துரை அல்ல, அனுமதி அல்ல, கடமை. ஆகவே தொடக்கம் 1905. கட்டுரைகளில் 1909 எப்படி முளைத்தது என்பதற்கு என் ஊகம் எளியது. சட்டம் இயற்றிய ஆண்டு ஒன்று, அதைப் பற்றி யாரோ அச்சிட்ட ஆண்டு இன்னொன்று. மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவும்போது அச்சான ஆண்டு நடந்த ஆண்டாகிவிடும். வரலாற்றில் இது அன்றாடம் நடப்பதுதான்.

சட்டத்தின் கருவியாக இருந்த பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. சார்காப்டிஸ் ஸ்காபியை என்பது சிலந்தி வகையறா. வளர்ந்ததற்கு எட்டுக் கால். அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. பெண் பூச்சி மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் வழியெல்லாம் முட்டையிடும். சில நாளில் பொரிக்கும். இரண்டு வாரம் சுமாரில் அடுத்த தலைமுறை தயார். அரிப்புக்குக் காரணம் பூச்சி மட்டுமல்ல, அதன் கழிவுக்கும் எச்சிலுக்கும் எதிராக உடம்பு காட்டும் ஒவ்வாமை. விலங்கு சொறிந்து சொறிந்து முடி கொட்டும், தோல் தடித்து வெடிக்கும், வெடிப்பில் சீழ் பிடிக்கும். இத்தாலிய மருத்துவர் போனோமோ 1687இலேயே நுண்ணோக்கியில் இந்தப் பூச்சியைப் பார்த்து வரைந்து காட்டிவிட்டார். ஆனால் மருத்துவ உலகம் அவரை நம்ப ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 1834இல் பாரீசில் ரெனுச்சி என்ற கோர்சிக்கா மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வது போல ஊசி முனையால் பூச்சியைத் தோண்டி எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் வாதம் ஓய்ந்தது. 1905இல் ஹெலெனாவில் கூடிய மான்டனாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, எதைக் கையில் எடுக்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருந்ததற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. மான்டனா அப்போது ஆட்டு மாநிலம். 1900 வாக்கில் நாட்டிலேயே அதிகமாக ஆட்டு ரோமம் விளைந்தது அங்கேதான். ஆட்டு ரோமத்தின் முதல் எதிரி ஓநாய் அல்ல, சொறி. இது சோரோப்டிஸ் என்ற வேறு பூச்சியால் வரும் ஆட்டுச் சொறி. தோலுக்குள் புகாமல் மேலேயே இருந்து ரோமத்தைக் கெடுக்கும். இதை ஒழிக்க நடுவண் அரசின் கால்நடைத் துறை மந்தை மந்தையாக ஆடுகளைச் சுண்ணாம்பு–கந்தகக் கரைசலிலும் புகையிலைக் கரைசலிலும் முக்கி எடுத்துக்கொண்டிருந்தது. நோய் கண்ட மாநிலங்களைத் தனிமைப்படுத்தி கால்நடைகள் எல்லை தாண்டாமல் தடுக்க வேளாண்மைச் செயலருக்கு அதிகாரம் கொடுத்த நடுவண் சட்டம் கையெழுத்தானது 1905 மார்ச் 3 அன்று. அதே ஆண்டுதான் மான்டனா தன் கால்நடை மருத்துவரிடம் ஒரு கையில் சொறியை ஒழிக்கும் தொட்டியையும் மறு கையில் சொறியைப் பரப்பும் கூண்டையும் கொடுத்தது. பூச்சி வேறு, நோய் வேறு என்று அவர்களுக்காக வாதாடலாம். ஆனால் நாயின விலங்குகளின் சொறி பண்ணை நாய்க்கு ஒட்டும். நாயைத் தொட்டவர் கைக்கும் வந்து சில நாள் அரிக்கும். மந்தையைக் காக்கும் நாய்க்கே ஆகாத ஒரு தொற்றை மந்தையைக் காப்பாற்ற வளர்த்தார்கள் என்பது ஆவணங்களில் எங்கும் கேள்வியாக எழும்பாதது எனக்கு வியப்பு.

ஏன் இவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மான்டனா மாநிலமாவதற்கு முன்பே, 1883இல், ஓநாய்த் தலைக்குப் பரிசுப்பணம் அறிவித்துவிட்டது. 1883 முதல் 1918 வரை 80,730 ஓநாய்களுக்கு 3,42,764 டாலர் பட்டுவாடா ஆனதாகப் பலரும் எடுத்தாளும் ஒரு கணக்கு உண்டு. சராசரியாகத் தலைக்கு நாலேகால் டாலர். சிறிய கஜானாவுக்கு இது ஆண்டுதோறும் வலிக்கும் செலவு. காசு கேட்காமல், தோலைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்காமல், இரவும் பகலும் வேலை பார்க்கும் வேட்டைக்காரன் ஒருவன் கிடைத்தால் எந்தச் சட்டமன்றம் வேண்டாம் என்னும்? சொறிப்பூச்சியை அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்ததும் எந்த ஆராய்ச்சியாளருக்கும் ஒரு ஆசை வரும்: ஆண்டுவாரியாகத் தலைகளை வரைபடத்தில் போட்டு, 1905க்குப் பிறகு கோடு சரிகிறதா என்று பார்ப்பது. சரிந்தால் சொறி வேலை செய்தது, சரியாவிட்டால் இல்லை. இந்த ஆசைக்கு முன்னோடி சார்ல்ஸ் எல்டன். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அந்தச் சூழலியலர் 1920களின் நடுவில் ஹட்சன் பே கம்பெனியின் ஆலோசகராகி, அதன் பழைய தோல் கணக்குகளைப் புரட்டி, விலங்குத் தொகை ஏறி இறங்கும் சுழற்சிகளைத் தேடினார். லாப்ரடார் கடற்கரையில் மொரேவியச் சபை மிஷனரிகள் வாங்கிய நரித்தோல்களின் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் எடுத்துக் காட்டினார். 1942இல் அது பெரிய நூலாக வந்தது. எலிகள் பெருகினால் நரி பெருகும், எலி சரிந்தால் நரியும் சரியும். வியாபாரியின் பேரேட்டில் இயற்கையின் நாடித்துடிப்பு.

மான்டனாவின் பேரேடு அப்படிப்பட்டதல்ல. லாப்ரடாரில் தோல் வாங்கியவருக்குத் தோல் வேண்டும்; வாங்கும் ஆள், இடம், நோக்கம் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. பரிசுப்பணக் கணக்கோ சட்டமன்றத்தின் மனநிலைக்கு ஏற்ப ஆடும். தொகையைக் கூட்டினால் தலைகள் கூடும். நிதி தீர்ந்தால் தலைகள் நின்றுபோகும். அதனால் ஓநாய் நின்றுவிட்டது என்று ஆகாது. கயோட்டிக் குட்டியை ஓநாய்க் குட்டி என்று காட்டிப் பணம் வாங்குவது அந்தக் காலத்தில் ஊரறிந்த தந்திரம். தொழிலாக இறங்கியவர்கள் குட்டிகளை எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிடுவார்களாம், அடுத்த ஆண்டுப் பிழைப்புக்கு. எழுத்தருக்கு எண்ணிக்கைதான் கணக்கு. கொண்டுவந்த தோலில் முடி இருந்ததா, சொறி பிடித்திருந்ததா என்று எழுதிவைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இத்தனை ஆயிரம் தலைகள் பதிவான புத்தகத்தில் என் கேள்விக்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது.

ஓநாய்களை முடித்தது எது என்பதில் குழப்பமில்லை. ஸ்டிரிக்னின் நஞ்சு, பொறி, துப்பாக்கி, வளையிலிருந்து குட்டிகளைத் தோண்டி எடுத்தல். 1915இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த வேலைக்கென்றே உயிரியல் அளவாய்வுத் துறைக்கு 1,25,000 டாலர் ஒதுக்கியது. யெல்லோஸ்டோனுக்குள்ளேயே 1914 முதல் 1926 வரை குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஆக, 1905இல் விட்ட பூச்சி உயிரோடிருந்ததென்றால் ஓநாய்மேல் இருந்திருக்க முடியாது. கயோட்டி மேலும் நரி மேலும் தங்கித்தான் எழுபது, எண்பது ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். கயோட்டியை ஒழிக்கவும் அதே நஞ்சைத்தான் வைத்தார்கள். கயோட்டி ஒழியவில்லை, இருபதாம் நூற்றாண்டில் கண்டம் முழுவதும் பரவியது.

பூச்சி இடைக்காலத்தில் தொடர்ந்து இருந்தது என்பதற்கு ஆதாரமாக ஒரு சுழற்சியைச் சொல்வார்கள். டெக்சாசைச் சேர்ந்த ஒட்டுண்ணியியலர் டான்னி பென்ஸ், தென்னாப்பிரிக்கரான எட்வர்ட் யூக்கர்மேனுடன் சேர்ந்து 2002இல் எழுதிய மதிப்பாய்வில், வட அமெரிக்காவின் காட்டு நாயினங்களில் சொறிக் கொள்ளை முப்பது முதல் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மூளுவதாக ஒரு கருத்து இருக்கிறது. நான் அதைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தேன். நோல்ஸின் கயோட்டிகள், 1910களில். பிறகு கனடாவின் ராக்கி மலைப் பூங்காக்களில் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் சொறி என்று இயான் மக்டாகர்ட் கோவன் 1951இல் எழுதியது. பிறகு 1970களில் தெற்கு டெக்சாசும் ஆல்பர்ட்டாவும். பிறகு 2000களில் யெல்லோஸ்டோன். இடைவெளிகள் பொருந்துவது போலத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் புள்ளிகளை யார் வைத்தது என்று பார்த்தால் பொருத்தம் தளர்கிறது. கோவன் 1940களில் அந்தப் பூங்காக்களுக்கு விலங்கு அளவாய்வுக்காகவே அனுப்பப்பட்டவர். டெக்சாசில் பென்ஸ் இருந்தார். யெல்லோஸ்டோனில் ஓநாய் கழுத்தில் ரேடியோப் பட்டை இருந்தது. பார்க்க ஆள் இருந்தபோதெல்லாம் சொறி இருந்திருக்கிறது. நடுவில் இல்லை என்பதற்குச் சான்று, அந்த ஆண்டுகளில் யாரும் எழுதாதது மட்டும்தான். சுழற்சியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதன் கால அளவில் பாதி ஆய்வு நிதியின் சுழற்சியாக இருக்கலாம் என்கிறேன்.

இனி, நோல்ஸின் திட்டம் நடக்கக்கூடியதுதானா? காகிதத்தை விட்டுவிட்டு விலங்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டால் இரண்டு முரணான பதில்கள் வருகின்றன.

தெற்கு டெக்சாசில் 1975இல் தென்பட்ட சொறி 1991 வரை தொடர்ந்தது. பென்சும் லாமர் வின்ட்பெர்க்கும் அதைத் தொடக்கம் முதல் அடக்கம் வரை பின்தொடர்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில், உச்சத்தில், பரிசோதித்த கயோட்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சொறி. கடுமையாகப் பீடித்தவை செத்தன. ஆனால் கயோட்டித் தொகை விழவில்லை. எப்படியும் பசியாலோ சண்டையாலோ அந்த ஆண்டில் சாகவிருந்தவைதான் சொறியால் செத்தன. ஒரு சாவு இன்னொரு சாவின் இடத்தை எடுத்துக்கொண்டது. மான்டனா சட்டமன்றத்துக்கு 1905இல் இந்தத் தகவல் கிடைத்திருந்தால் திட்டத்தை அன்றே கிழித்துப் போட்டிருப்பார்கள்.

ஸ்வீடனின் செந்நரிகள் சொல்வது நேர்மாறு. 1967இல் பின்லாந்தில் தலைகாட்டிய சொறி 1970களின் நடுவில் ஸ்வீடனின் வடபாதியில் மூண்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய நாடு முழுவதும் பரவிவிட்டது. எரிக் லின்ட்ஸ்ட்ரோமும் டார்ஸ்டன் மோர்னரும் வேட்டைக்காரர்களின் அறிக்கைகளையும் இறந்த நரிகளின் உடற்கூறுகளையும் வைத்து அந்தப் பரவலை வரைபடமாக்கினார்கள். பல வட்டாரங்களில் நரி பாதிக்கும் கீழே போனது. இங்கே நடந்தது ஒரு சூழலியலர் கனவில்கூடக் கேட்கத் துணியாத பரிசோதனை: ஒரு நாடு முழுவதிலும் ஒரே ஒரு வேட்டை விலங்கை மட்டும் குறைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

நடந்தது என்னவென்றால், முயல் பெருகியது. காப்பர்கெய்லி, கருங்குரூஸ் போன்ற காட்டுக்கோழிகள் பெருகின. இலையுதிர் காலத்தில் ரோ மான் பெட்டைகளோடு சுற்றும் குட்டிகள் கூடின. அதைவிட நுட்பமான ஒன்று ஏற்ற இறக்கத்தில் நடந்தது. ஸ்காண்டிநேவியக் காடுகளில் வோல் என்னும் வயலெலிகள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரியும். முயலும் காட்டுக்கோழியும் அதே தாளத்தில் ஆடும். எலிக்கும் காட்டுக்கோழிக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் பொதுவாக நரி இருக்கிறது. எலி சரிந்த ஆண்டில் பெருகிக் கிடக்கும் நரிகள் பசியோடு முயல் மேலும் கோழி மேலும் பாயும். எலி மீண்டதும் அவற்றை விட்டுவிடும். இது வெகுநாளாகச் சொல்லப்பட்ட கருதுகோள். சொறி நரியை அப்புறப்படுத்தியதும் எலிகளின் தாளம் தொடர்ந்தது; முயல், கோழிகளின் தாளம் மங்கியது. 1994இல் லின்ட்ஸ்ட்ரோம் குழு இதை வெளியிட்டபோது, எலியின் நாடியை முயலுக்குக் கடத்தியது நரிதான் என்பதற்கு அதைவிட வலுவான சான்று அதுவரை இல்லை. எல்டன் இதைப் படிக்க உயிரோடில்லை, 1991இல் காலமாகிவிட்டார்.

பால்டிக் கடலில் உள்ள டென்மார்க்கின் பார்ன்ஹோம் தீவில் சொறி நரியை அடியோடு துடைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், உலகிலேயே நெருக்கமாக நரி வாழ்ந்த தெருக்களில், 1994இல் நுழைந்த சொறி இரண்டே ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காலி செய்தது. இவை கடைக்கோடி நிலைகள். ஒன்று தீவு; இன்னொன்று நரிகள் உரசிக்கொண்டு வாழ்ந்த நகரம். ஸ்வீடனின் நரிகளோ 1990களில் மீளத் தொடங்கிவிட்டன. பூச்சி அங்கேயே இருக்கிறது, நரியும் இருக்கிறது. முதல்முறை வரும் சொறி வெட்டும்; பழகிய சொறி வேரோடு பிடுங்காது. நோல்ஸின் காலத்து ராக்கி மலைகளில் சொறி முதல்முறை வந்ததா, பழகியதா என்பதில்தான் அவருடைய வெற்றியும் இருந்திருக்கிறது, நம்முடைய கேள்வியும் இருக்கிறது.

யெல்லோஸ்டோனில் நடந்தது இந்தக் கேள்விக்கு ஒரு துப்பு தருகிறது. கனடாவிலிருந்து 1995இலும் 1996இலுமாக 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், ஆரோக்கியம் பார்த்துத்தான். நாய்களுக்கு வரும் வைரஸ்கள் சில ஆண்டுக்குள்ளேயே அவற்றைத் தொற்றிக்கொண்டன. சொறி மட்டும் பூங்காவுக்குள் நுழையப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது. பூங்காவுக்கு வெளியே, மான்டனாவிலும் வயோமிங்கிலும் 2002 முதல் 2008 வரை 22 ஓநாய்களிடம் அதை உறுதிசெய்து மைக்கேல் ஜிமெனெஸ் குழு 2010இல் எழுதியது. பூங்காவுக்குள் 2007 ஜனவரியில், மாலீஸ் என்னும் கூட்டத்தில் முதலில் தெரிந்தது. அங்கிருந்து அண்டைக் கூட்டத்துக்கு, அதன் அண்டைக்கு. 2001இல் 37 உறுப்பினர்களோடு பேர்பெற்றிருந்த ட்ரூயிட் பீக் கூட்டம் 2010 வாக்கில் சிதறிப்போனது. சொறி, எதிரிக் கூட்டத்தின் தாக்குதல், இணை கிடைக்காமை மூன்றும் சேர்ந்து முடித்த கதை அது.

ஓநாயைச் சொறி எப்படிக் கொல்கிறது என்பதை வெப்பக் கேமராவால் பார்த்தார்கள். வளர்ப்பு ஓநாய்களின் உடலில் ஒரு பகுதியை மட்டும் மழித்து, குளிரில் அங்கிருந்து எவ்வளவு வெப்பம் கசிகிறது என்று அளந்து, காட்டில் சொறி பிடித்தவற்றோடு ஒப்பிட்டது பால் கிராஸ் குழு. குளிர்கால இரவொன்றில் ஓநாய்க்குக் கூடுதலாக 1,240 முதல் 2,850 கலோரி வரை பறிபோகிறது. நாள் முழுவதுக்கும் தேவையானதில் பாதிக்கு மேல். அப்படியும் எல்லாம் சாவதில்லை. எமிலி ஆல்ம்பர்க் குழு 2015இல் காட்டியது: ஆரோக்கியமான கூட்டாளிகள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால், சொறி பிடித்த ஓநாயின் உயிராபத்து முழுவதுமாக ஈடாகிவிடுகிறது. மற்றவை வேட்டையாடும், எல்லையைக் காக்கும். நோயாளி பின்னால் வந்து தின்னும். தனித்த ஓநாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1905க்குப் பிந்தைய மான்டனாவில் நஞ்சாலும் பொறியாலும் கூட்டங்கள் உடைந்து ஓநாய்கள் ஒற்றைக்கொற்றையாகத் திரிந்தன. சொறி அங்கே கொன்றிருந்தால், தனியாகக் கொல்லவில்லை. துப்பாக்கி முதலில் கூட்டத்தைக் கலைத்துக் கொடுத்திருக்கிறது.

ஓநாய் வந்து பல ஆண்டாகியும் பூச்சி அதன்மேல் ஏறத் தாமதித்தது என்பதுதான் நான் சொன்ன துப்பு. வைரஸ் எச்சத்தில் கிடக்கும், காற்றில் வரும். சொறிக்கு உரசல் வேண்டும். ஓநாய் கயோட்டியோடு உரசுவது கொல்லும்போதுதான். எனவே பூச்சி கயோட்டியில் இருந்து, மெதுவாக ஓநாய்க்குத் தாவியது என்பது பொருந்துகிறது. ஆனால் கயோட்டியில் இருந்த பூச்சி நோல்ஸின் கூண்டிலிருந்து வந்தது என்பதற்கு இதில் எதுவும் இல்லை. கனடாவின் மலைகளிலிருந்து இறங்கியிருக்கலாம். பண்ணை நாயிடமிருந்து பல தடவை ஏறியிருக்கலாம். 1905க்கு முன்பே அங்கே இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. நோல்ஸுக்கு ஏற்றுவதற்குப் பூச்சி எங்கிருந்தோ கிடைத்திருக்கத்தானே வேண்டும்? மாநிலம் குற்றம் செய்ய முடிவெடுத்ததற்குச் சட்டத் தொகுப்பே சாட்சி. அந்தக் குற்றத்தின் விளைவுதான் இன்றைய நோய் என்பதை எந்தக் காகிதமும் நிரூபிக்காது.

நிரூபிக்கக்கூடியது தோல். பூச்சிகளின் மரபணுக் குறிகளை ஒப்பிட்டு, ஐரோப்பாவில் ஊனுண்ணிகளின் சொறிப்பூச்சியையும் தாவர உண்ணிகளின் சொறிப்பூச்சியையும் வேறு வேறு கிளைகளாகப் பிரித்துவிட்டார்கள். இன்றைய யெல்லோஸ்டோன் பூச்சியோடு ஒப்பிட, 1905க்கு முன்னும் பின்னும் அந்த மலைகளில் செத்த விலங்குகளின் தோலில் காய்ந்து கிடக்கும் பூச்சி வேண்டும். உயிரியல் அளவாய்வுத் துறை சேகரித்த ஓநாய், கயோட்டித் தோல்கள் வாஷிங்டனின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சிக்கல், சேகரிப்பவர் நல்ல தோலைத்தான் எடுப்பார். முடி உதிர்ந்த ஒன்றை உரித்து உப்பிட்டு ரயிலில் அனுப்பமாட்டார். ஆனால் நோயின் தொடக்கத்தில், பார்வைக்குத் தெரியாமல், பூச்சி முதலில் குடியேறும் இடங்களில் ஒன்று காது விளிம்பு. அருங்காட்சியகத் தோல்களில் காது பத்திரமாகவே இருக்கும். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெட்டியெடுக்க அனுமதி வேண்டும். நூற்றிருபது ஆண்டுப் பழைய ஓநாயின் காதில் கத்தி வைக்க எந்தக் காப்பாளரும் லேசில் சம்மதிக்கமாட்டார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் முதலில் மறுத்துவிட்டு, என்ன கருவி, எவ்வளவு வெட்டு, மிச்சத்தை எங்கே வைப்பீர்கள் என்றுதான் கேட்பேன்.